சட்டாம்பிள்ளை இல்லாத திண்ணை

வாசகர் கடிதம்:

அன்புள்ள டீச்சருக்கு, நாங்கள் பள்ளிபாளையம் பக்கத்தில் இருக்கிறோம். கணவர் விசைத்தறி ஓட்டுகிறார். நான் அதே பட்டறையில் தறிக்கு நூல் தார் சுற்றுகிறேன். மகன் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படிக்கிறான். இப்போது பிளஸ் ஒன், கணிதம், கணினி அறிவியல் பிரிவு. ஜூன் மாதம் ஒரு நிறுவனத்தின் ஆட்கள் வீட்டுக்கே வந்து, "உங்கள் பையன் தன் வேகத்தில் படிக்கலாம், நேரக் கட்டுப்பாடே இல்லை" என்று பேசி, 36,000 ரூபாய் ஆன்லைன் படிப்பில் சேர்த்தார்கள். பணம் இல்லை என்றதும் அவர்களே கடன் ஏற்பாடு செய்தார்கள். மாதம் 2,000 வீதம் 18 தவணை. ஆறு தவணை கட்டியாகிவிட்டது. பையன் இதுவரை இயற்பியலில் மூன்று பாடம், கணிதத்தில் ஒன்றரைப் பாடம் பார்த்திருக்கிறான். வேதியியலைத் திறக்கவே இல்லை. கேட்டால், "என் வேகத்தில்தானே படிக்கச் சொன்னார்கள்" என்கிறான். அரையாண்டில் இயற்பியலில் 70-க்கு 31. இப்போது பைத்தான் என்ற கணினி மொழியைப் படிக்க இன்னொரு 6,000 ரூபாய் கேட்கிறான். சான்றிதழ் இருந்தால் கல்லூரியில் இடம் சுலபமாம். பள்ளிக்குப் போவது வீண், வீட்டிலிருந்தே ஆன்லைனில் படித்துத் தனியாகத் தேர்வு எழுதுகிறேன் என்றும் சொல்லத் தொடங்கிவிட்டான். நான் பத்தாவது படித்தவள். அவனுக்கு நான் என்ன சொல்லிக்கொடுக்க முடியும்? கடனையாவது நிறுத்த வழி உண்டா? அடுத்த தவணை 5-ஆம் தேதி.

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

கடன் விஷயத்தைக் கடைசியில் எழுதியிருக்கிறேன். மனம் அதிலேயே நிற்கிறது என்றால் முதலில் அதைப் படித்துவிட்டுத் திரும்பி வாருங்கள்.

உங்கள் மகன் சோம்பேறி இல்லை. இதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது. முப்பது ஆண்டு இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள், ஓய்வு பெற்ற மறுமாதமே வானியல் படிப்பு ஒன்றில் ஆன்லைனில் சேர்ந்தேன். நேரம் இருந்தது, ஆசை இருந்தது, பாடமும் ஓரளவு தெரிந்ததுதான். இன்றைக்கும் அந்தப் பக்கத்தைத் திறந்தால் '11 சதவீதம் முடிந்தது' என்று காட்டுகிறது. திறப்பதை நிறுத்திவிட்டேன்.

எனக்குத் துணைக்கு உலகமே இருக்கிறது. அமெரிக்காவில் ஹார்வர்டும் எம்ஐடியும் சேர்ந்து 2012-இல் தொடங்கிய எட்எக்ஸ் என்ற ஆன்லைன் படிப்புத் தளத்தில் அந்த இரண்டு நிறுவனங்களும் நடத்திய படிப்புகளை ஆராய்ந்து, 2019-இல் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. பதிவு செய்தவர்களில் பாதிக்கும் மேல், சரியாகச் சொன்னால் 52 சதவீதம் பேர், பாடத்துக்குள் ஒரு முறைகூட நுழையவில்லை. 2017–18-இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர். சான்றிதழுக்காகப் பணம் கட்டியவர்களில்கூடப் பாதிப் பேர் முடிக்கவில்லை. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் வளர்ந்தவர்கள், பட்டம் பெற்றவர்கள். பதினாறு வயதுப் பையன் மூன்று பாடம் முடித்ததை அந்தக் கூட்டத்தோடு வைத்துப் பார்த்தால், எனக்குக் கோபம் வரவில்லை. பணம் வாங்கியவர்கள் மீதுதான் வருகிறது.

அவர்கள் விற்றது 'தன் வேகம்' என்ற ஒரு சொல்லை. அது அவர்கள் கண்டுபிடித்ததும் இல்லை. நம் ஊர்த் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளையும் அவரவர் வேகத்தில்தான் படித்தது. ஒருவன் மணலில் 'அ' எழுதிக்கொண்டிருப்பான், அவன் பக்கத்தில் இருப்பவன் எண்சுவடி சொல்லிக்கொண்டிருப்பான், இன்னொருவன் ஓலையில் எழுதிக்கொண்டிருப்பான். ஆனால் அங்கே சட்டாம்பிள்ளை என்று ஒருவன் உண்டு. கொஞ்சம் முன்னே போன மாணவன். மற்றவர்கள் படித்ததை அவனிடம் ஒப்பிக்க வேண்டும். ஒப்பித்தால்தான் அடுத்தது. வேகம் பிள்ளையுடையது, வாசலில் நின்று கேட்பவன் சட்டாம்பிள்ளை.

இந்த ஏற்பாட்டைப் பார்த்து அசந்துபோனவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். எழும்பூரில் இருந்த ஆண் பிள்ளைகள் அநாதை விடுதியின் பொறுப்பில் இருந்தவர். நம் பிள்ளைகள் மணலில் எழுதுவதையும், பிள்ளைக்குப் பிள்ளையே சொல்லிக்கொடுப்பதையும் தன் விடுதியில் நடத்திப் பார்த்து, 1797-இல் லண்டனில் அதைப் புத்தகமாகப் போட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. அவர் விட்டுச்சென்ற பணத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் கட்டிய பள்ளிக்கு இன்றும் 'மதராஸ் காலேஜ்' என்றுதான் பெயர். நம் திண்ணைக்குக் கடல் தாண்டி ஒரு பெயர்ப்பலகை இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

பின்னால், 1960-களில், ஃபிரெட் கெல்லர் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியரும் அவருடைய பிரேசில் நண்பர்களும் கல்லூரிப் பாடத்தைச் சிறுசிறு அலகுகளாகப் பிரித்து, மாணவர் தம் வேகத்தில் படித்துத் தேறும் முறையை உருவாக்கினார்கள். 1968-இல் அவர் அதைப் பற்றி எழுதிய கட்டுரை இன்றைய ஆன்லைன் படிப்புகளுக்குப் பாட்டன் மாதிரி. அந்த முறையிலும், பாடத்தை முன்பே முடித்த மாணவர் ஒருவர் எதிரே உட்கார்ந்து விடைத்தாளைத் திருத்தி, "இதை ஏன் இப்படி எழுதினாய்?" என்று கேட்பார். அலகு தேறாமல் அடுத்த அலகு கிடையாது. அப்படிக் கேட்க ஆள் இருந்தும், நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டவர்கள் அங்கேயும் இருந்தார்கள். ஆக, தள்ளிப்போடுவது இந்த முறையோடு கூடவே பிறந்த நோய். அதை ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே பார்த்துவிட்டார்கள்.

உங்களிடம் பணம் வாங்கியவர்கள் திண்ணையை எடுத்துக்கொண்டார்கள், சட்டாம்பிள்ளையை விட்டுவிட்டார்கள். அவனுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டுமே.

உங்கள் மகனுக்குக் குறைவது அந்த ஒரே ஆள்தான். அந்த வேலையைத்தான் உங்களைச் செய்யச் சொல்லப்போகிறேன். பத்தாவது படித்தது அதற்குப் போதும்.

முதலில் ஒரு சோதனை. இன்று இரவு அவன் முடித்ததாகச் சொல்லும் மூன்று பாடங்களில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். செல்போன் உங்கள் கையில் இருக்கட்டும், புத்தகம் மூடியிருக்கட்டும். ஒரு வெள்ளைத்தாள், ஒரு பேனா. "இந்தப் பாடத்தில் என்ன இருக்கிறது, எனக்குச் சொல்" என்று மட்டும் கேளுங்கள். மூன்றாவது பாடம் இயக்க விதிகள். அதில் உராய்வு வரும். பட்டறையில் நூல் மூட்டையைத் தள்ளும்போது முதல் நகர்த்தல்தான் கஷ்டம், நகர ஆரம்பித்துவிட்டால் லேசாகப் போகிறது. ஏன் என்று கேளுங்கள். இது உங்களுக்குக் கையால் தெரிந்த விஷயம், அவனுக்குப் புத்தகத்தில் இருக்கிற விஷயம். ஓய்வு நிலை உராய்வு, இயக்க உராய்வு என்று சொல்லி, படம் போட்டு, எந்தப் பக்கம் விசை செயல்படுகிறது என்று அம்புக்குறி போட்டானானால் அவனுக்குப் பாடம் தெரியும். "அது வந்தும்மா, வீடியோவில் நன்றாகச் சொன்னார்கள்" என்று இழுத்தானானால் தெரியாது.

தெரியாமல் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். திட்டாதீர்கள். அவனே திடுக்கிட்டுப் போவான். பார்த்தபோது எல்லாம் புரிந்த மாதிரி இருந்ததே என்று நினைப்பான். புரிந்ததும் உண்மைதான். நன்றாகச் சொல்பவர் ஒருவர் கணக்குப் போடும்போது ஒவ்வொரு வரியும் நமக்குப் புரியும். அடுத்த வரியை நாமே எழுத வேண்டும் என்றால்தான் கை நின்றுவிடும்.

உங்களுக்குத் தறி தெரியும் என்பதால் இதைச் சொல்வது சுலபம். சத்தம் கேட்கிறது என்பதற்காகத் துணி ஒழுங்காக விழுகிறது என்று யாரும் முதுகைக் காட்டி உட்காருவதில்லை. பாவில் ஒரு இழை அறுந்தாலும் தறி தடதடவென்று ஓடிக்கொண்டேதான் இருக்கும், துணியில் கோடு விழுந்துகொண்டே போகும். ஆன்லைன் படிப்பில் பச்சைக் கோடு ஒன்று நீண்டுகொண்டே போகிறதே, '27 சதவீதம் முடிந்தது' என்று, அது தறிச் சத்தம். துணியைத் தொட்டுப் பார்க்க ஆள் வேண்டும்.

இதற்கு ஆராய்ச்சியும் இருக்கிறது. ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட சோதனை. ஒரு பகுதி மாணவர்கள் ஒரு கட்டுரையை நான்கு முறை படித்தார்கள். இன்னொரு பகுதியினர் ஒரு முறை படித்து, மூன்று முறை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நான்கு முறை படித்தவர்களே ஜெயித்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்களுக்கு 40 சதவீதம்தான் நினைவிருந்தது, ஒப்பித்தவர்களுக்கு 61. படித்த சூட்டில் எல்லாம் தெரிந்தது போலத் தோன்றும் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. உங்கள் மகன் அந்தச் சூட்டை நம்பி அரையாண்டுத் தேர்வுக்குப் போய்விட்டான்.

இனி அன்றாடம் செய்ய வேண்டியது. இரவுச் சாப்பாட்டுக்கு முன்போ பின்போ, பதினைந்து நிமிடம். அன்று பார்த்த வீடியோவை அவன் உங்களிடம் ஒப்பிக்க வேண்டும். வீடியோ பார்க்காத நாளில், பள்ளியில் நடந்ததை ஒப்பிக்கட்டும். உங்களுக்குப் பாடம் தெரிய வேண்டியதில்லை. நான்கு கேள்வி போதும்: இது என்ன, ஏன் அப்படி, எங்கே பார்த்திருக்கிறோம், ஒரு கணக்கு போட்டுக் காட்டு. உங்களுக்குப் புரியவில்லை என்றால் வெட்கப்படாமல் "புரியவில்லை, மறுபடி சொல்" என்று கேளுங்கள். உங்களுக்குப் புரிய வைக்க அவன் படும் பாட்டில்தான் அவனுக்குப் பாடம் இறங்கும். கணக்கின் விடை சரியா என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், புத்தகத்தின் பின்பக்கத்து விடையோடு ஒப்பிட உங்களுக்குக் கண் இருக்கிறது.

என்னிடம் படித்த ஒரு பெண், வீட்டில் யாரும் படித்தவர்கள் இல்லை. அவளுடைய பாட்டி சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்பார். அந்தப் பெண் நியூட்டனின் மூன்றாம் விதியைச் சொன்னபோது, "அப்போ நான் சுவரைத் தள்ளினா சுவர் என்னைத் தள்ளுதா? அப்புறம் ஏன் நான் விழல?" என்று கேட்டிருக்கிறார். மறுநாள் காலை அந்தப் பெண் முதல் வேலையாக என்னிடம் வந்து நின்றாள். முப்பது ஆண்டில் எந்தப் பள்ளி ஆய்வாளரும் என்னிடம் அவ்வளவு நல்ல கேள்வி கேட்டதில்லை.

அவன் திணறும் இடத்தைக் குறித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மறுநாள் அதைப் பள்ளியில் ஆசிரியரிடம் கேட்க வேண்டும். "இந்தப் பாடம் புரியவில்லை" என்று போனால் எந்த ஆசிரியருக்கும் சலிப்பு வரும். "இந்த அம்புக்குறி ஏன் இந்தப் பக்கம்?" என்று போனால் உட்காரவைத்துச் சொல்வார். நான் இரண்டு பக்கமும் இருந்து பார்த்தவள்.

கால அளவு பற்றி ஒரு கணக்கு. இப்படிப்பட்ட படிப்புகளில் 150, 200 மணி நேர வீடியோ இருக்கிறது என்று பெருமையாகப் போடுவார்கள். 180 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் பார்த்தால் இரண்டு மணி நேரம் கணக்குப் போட்டுப் பழக வேண்டும், இது என் அனுபவக் கணக்கு. ஆக 540 மணி. பள்ளி முடிந்து வந்த பிள்ளை தினமும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினால் 360 நாள், ஞாயிறு, பொங்கல், காய்ச்சல் எதுவும் இல்லாமல். விற்க வந்தவர் இந்தப் பெருக்கலை உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து போட்டுக் காட்டியிருக்க மாட்டார்.

அதனால் முழுவதையும் முடிக்க வேண்டும் என்ற எண்ணத்தை இன்றே விட்டுவிடுங்கள். கட்டிய பணத்துக்கு முழுதும் பார்த்தாக வேண்டும் என்று தோன்றும். தோன்றட்டும். வேதியியலைத் திறக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பள்ளியில் வேதியியல் நன்றாக நடக்கிறது என்றால் அதைத் திறக்கவே வேண்டாம். இயற்பியலில் அவனுக்கு எந்த இடம் தட்டுகிறதோ அந்த வீடியோ மட்டும். பிளஸ் ஒன் இயற்பியலில் மொத்தம் 11 அலகு. பள்ளியில் எந்த அலகு நடக்கிறதோ அதே அலகுதான் வீட்டிலும். இவன் தன் வேகத்தில் மூன்றாம் அலகில் நிற்க, வகுப்பு வேறெங்கோ போய்க்கொண்டிருந்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று உதவாது. ஆன்லைன் படிப்பு பள்ளியின் பின்னால் வரட்டும்.

வீடியோவை ஒரே மூச்சில் பார்க்க விடாதீர்கள். எட்எக்ஸ் தளத்தில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்டதை அலசி 2014-இல் ஓர் ஆய்வு வந்தது. வீடியோ எவ்வளவு நீளமானாலும், பார்ப்பவர்களின் கவனம் பொதுவாக ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. ஆறேழு நிமிடத்துக்கு ஒரு முறை நிறுத்தி, இரண்டு வரி எழுதிவிட்டு மறுபடி தொடரச் சொல்லுங்கள். இரட்டை வேகத்தில் ஓடவிட்டுப் பார்க்கிறானா என்றும் கேளுங்கள். பெரும்பாலும் பார்ப்பான். வேகமாகப் பார்ப்பதைவிட நிறுத்தி எழுதாமல் பார்ப்பதுதான் தவறு. இதைச் சொல்லி அவனோடு சண்டை போட வேண்டாம். செல்போன் மட்டும் வீட்டின் நடுவில், எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் இருக்கட்டும். அறைக் கதவுக்குப் பின்னால் பாடமும் ரீல்ஸும் ஒரே கையில் இருந்தால் எது ஜெயிக்கும் என்று உங்களுக்கே தெரியும், எனக்கும் தெரியும். என் 11 சதவீதம் அங்கேதான் நின்றது.

பைத்தான் விஷயத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மன்னியுங்கள். நம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் எடுத்தவர்களுக்குப் பிளஸ் ஒன்னில் சி பிளஸ் பிளஸ், பிளஸ் டூவில் பைத்தான். அதாவது 6,000 ரூபாய் கொடுத்து அவன் வாங்க நினைப்பது, அடுத்த ஆண்டு அவன் கைக்கு இலவசமாக வரப்போகும் புத்தகத்தில் இருக்கிறது. இப்போதே வேண்டும் என்றால் பிளஸ் டூ மாணவர் யாரிடமாவது இரவல் வாங்கலாம், பாடநூல் கழகத்தின் இணையதளத்திலும் இலவசமாகக் கிடைக்கும். பள்ளிக் கணினி ஆய்வகத்தில் ஆசிரியர் அனுமதித்தால் அங்கேயே எழுதிப் பார்க்கலாம்.

புத்தகம் போதவில்லை, இன்னும் வேண்டும் என்று அவன் துடித்தால், அது நல்ல துடிப்பு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் 'சிஎஸ்50' என்ற கணினிப் படிப்பு வரிசையில் பைத்தானுக்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது. பார்ப்பதற்குக் காசு இல்லை. ஆங்கிலத்தில்தான் இருக்கும், கொஞ்சம் கடினமும்கூட. வாரத்துக்குச் சில நிரல்கள் எழுதி அனுப்ப வேண்டும், அனுப்பியதைக் கணினியே ஓட்டிப் பார்த்துச் சரியா தவறா என்று சொல்லிவிடும். சும்மா பார்த்து நகர முடியாத படிப்பு என்பதால் அதைச் சொல்கிறேன். கணிதத்துக்குக் கான் அகாடமி என்ற தளமும் அப்படித்தான், பயிற்சிக் கணக்குகளோடு வரும், இலவசம். அந்தக் கான் அகாடமி பிறந்த கதையும் நமக்கு வேண்டியதுதான். 2004-இல் சல்மான் கான் என்பவர் வேறு ஊரில் இருந்த தன் உறவுக்காரச் சிறுமி ஒருத்திக்குத் தொலைபேசியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். மற்ற உறவினர் பிள்ளைகளும் கேட்கவே, பின்னால் வீடியோ எடுத்துப் போட்டார். முதல் மாணவிக்கு மறுமுனையில் கேட்க ஆள் இருந்தது, பாருங்கள்.

இந்திய அரசின் ஸ்வயம் தளத்தில் ஒன்பது முதல் பன்னிரண்டு வரையான வகுப்புகளுக்குப் பாடங்கள் இருக்கின்றன. நம் பாடப்புத்தகத்திலேயே அலகுதோறும் ஒரு கியூஆர் கட்டம் அச்சிட்டிருக்கிறதே, அதைச் செல்போனில் பிடித்தால் தீக்ஷா தளத்தில் அந்தப் பாடத்தின் வீடியோ திறக்கும். தமிழில், நம் பாடத்திட்டத்தில், காசில்லாமல். 36,000 ரூபாய்க்கு முன்னால் அந்தக் கட்டத்தை யாராவது உங்களுக்குக் காட்டியிருக்கலாம் என்று எனக்கு ஆதங்கம். ஆசிரியர்களாகிய எங்கள் மேலும் அந்தத் தவறு உண்டு.

சான்றிதழ் பற்றி. தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கைக்கான தரவரிசை 200-க்குக் கணக்கிடப்படுகிறது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. எல்லாம் பிளஸ் டூ மதிப்பெண். அந்த 200-இல் ஆன்லைன் சான்றிதழுக்கு ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. இயற்பியலில் ஒரு மதிப்பெண் கூடினால் தரவரிசை நகரும், பைத்தான் சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டினாலும் நகராது. கற்ற பைத்தான் கல்லூரியில் கைகொடுக்கும், அது வேறு விஷயம். நிரல் எழுதுவதில் அவனுக்கு நிஜமான பிடிப்பு இருந்தால், சென்னை ஐஐடி 2020-இல் தொடங்கிய தரவு அறிவியல் ஆன்லைன் பட்டப்படிப்பைப் பற்றி பிளஸ் டூவில் பேசலாம். ஜேஇஇ நுழைவுத் தேர்வு இல்லாமல் சேரலாம், ஆனால் முதலில் சில வாரப் பாடம் படித்து அவர்கள் வைக்கும் தகுதித் தேர்வில் தேற வேண்டும். அங்கே வாரந்தோறும் ஒப்படைப்புக்குக் கெடு உண்டு, நேரில் போய் எழுதும் தேர்வும் உண்டு. பாடம் ஆன்லைனில் இருந்தும் அவர்கள் சட்டாம்பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை.

இனிப் பள்ளியை விடுகிறேன் என்கிறானே, அதற்கு வருகிறேன். இதில் நான் பேச்சுவார்த்தைக்கே தயாரில்லை, வேண்டாம்.

பள்ளிக்குப் போகாமல் வீட்டிலிருந்தே படித்துத் தேர்வு எழுத வழிசெய்யும் திறந்தநிலைப் பள்ளி என்பது போலி இல்லை. மத்திய அரசின் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் 1989 முதல் நடக்கிறது. விளையாட்டுக்காக ஊர் ஊராகப் போகும் பிள்ளைகள், உடல்நலம் இல்லாதவர்கள், படிப்பை விட்டு வேலைக்குப் போய்ப் பிறகு திரும்பியவர்கள் என்று பலருக்கு அது வாழ்வு கொடுத்திருக்கிறது. உங்கள் மகனுக்கு இந்தக் காரணங்களில் ஒன்றும் இல்லை. அவன் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படிக்கிறான் என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்திலேயே விலை அதிகமான வரி அதுதான். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தமிழ்நாட்டில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. மருத்துவத்துக்கு 2020-இல் வந்தது, பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளுக்கு 2021-இல். அந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. கல்லூரிக்குப் போனபின் மாதம் 1,000 ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது, அதுவும் இவனைப் போன்றவர்களுக்குத்தான். கடைசி ஒன்றேகால் ஆண்டைப் பள்ளிக்கு வெளியே கழித்தால் ஐந்தரை ஆண்டு நடந்து வந்த வழி வீணாகும். இதை அவனிடம் கெஞ்சலாகவோ மிரட்டலாகவோ சொல்ல வேண்டாம். ஒரு தாளில் நான்கு ஆண்டுக் கல்லூரிக் கட்டணத்தை எழுதி, அதன் கீழே உங்கள் இருவர் வாரக் கூலியையும் எழுதி, அவனையே கணக்குப் போடச் சொல்லுங்கள். கணிதப் பிரிவு மாணவன்தானே.

பள்ளி வீண் என்று அவன் சொல்வதற்குப் பின்னால் வேறு ஏதாவது இருக்கலாம். யாராவது கேலி செய்கிறார்களா, ஏதாவது ஒரு வகுப்பில் அவமானப்பட்டானா, 31 மதிப்பெண்ணை எல்லோர் முன்னாலும் வாசித்தார்களா? ஒப்பிக்கும் அந்தப் பதினைந்து நிமிடத்தில் பத்து நாள் கழித்து அது தானாக வெளியே வரும். நேரடியாகக் கேட்டால் வராது.

இப்போது கடன். கவனமாகப் படியுங்கள், இதில் ஒரு தவறு செய்தால் பின்னால் தொல்லை.

படிப்பை விற்றவர் ஒருவர், கடன் கொடுத்தவர் வேறொருவர். கடன் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள், ஏதாவது ஒரு வங்கியோ நிதி நிறுவனமோ பெயர் இருக்கும். அதனால் "படிப்பு சரியில்லை, தவணை கட்ட மாட்டேன்" என்று நீங்களாக நிறுத்தினால், கடன் யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான் கடன் கொடுத்தவர் தவணை தவறியவராகப் பதிவு செய்வார். நாளை தறி வாங்கவோ மகன் படிப்புக்கோ வங்கியில் கடன் கேட்டால் இது குறுக்கே நிற்கும். எழுத்தில் ரத்தாகும்வரை கட்டிக்கொண்டே வாருங்கள்.

செய்ய வேண்டியது இது. படிப்பை விற்ற நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள். எந்தத் தேதியில் சேர்ந்தோம், என்ன உறுதி கொடுத்தார்கள், எவ்வளவு கட்டியிருக்கிறோம், எவ்வளவு பாடம் பயன்படுத்தியிருக்கிறோம், மீதியை ரத்து செய்து மீதித் தவணையை நிறுத்த வேண்டும் என்று. கோபம் வேண்டாம், தேதிகள் வேண்டும். அதே கடிதத்தின் நகலைக் கடன் கொடுத்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கும் அனுப்புங்கள். வீட்டுக்கு வந்தவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் எதையும் அழித்துவிடாதீர்கள், அவைதான் சாட்சி. தொலைபேசியில் அழைத்து, "மேடம், இரண்டு மாதம் பாருங்கள்" என்பார்கள். "எழுத்தில் அனுப்புங்கள்" என்ற ஒரு வாக்கியத்தைத் தவிர வேறெதுவும் பேசாதீர்கள்.

இப்படிப்பட்ட கல்வி நிறுவனங்களிடம் கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போதும், கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்க அனுமதிக்கும்போதும் எச்சரிக்கையாக இருக்கச் சொல்லி மத்தியக் கல்வி அமைச்சகமே 2021 டிசம்பரில் பெற்றோர்களுக்கு அறிவுரை வெளியிட்டது. ஆகவே நீங்கள் மட்டும் ஏமாந்தவர் என்று குன்றிப்போக வேண்டாம்.

பதில் வராவிட்டாலோ மறுத்தாலோ, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். கடன் கொடுத்தவர் 30 நாளில் பதில் சொல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம், எண் 14448. அதுவும் பலிக்காவிட்டால் நாமக்கல்லில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட புகாருக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பணம் முழுதும் திரும்பும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. மீதமுள்ள 12 தவணையில், அதாவது 24,000 ரூபாயில், ஒரு பகுதி நின்றாலும் லாபம்தான்.

அந்த மின்னஞ்சலை உங்கள் மகனையே எழுதச் சொல்லுங்கள். எழுதியதை உங்களுக்கு வாசித்துக் காட்டட்டும், புரியாத இடத்தில் நிறுத்துங்கள். 5-ஆம் தேதிக்கு முன்னால் அது போய்ச் சேர வேண்டும். அந்த மாதத் தவணைக்குக் கணக்கில் 2,000 ரூபாய் இருக்கிறதா என்றும் 4-ஆம் தேதியே பார்த்துவிடுங்கள். பணம் இல்லாமல் தவணை திரும்பினால் வங்கியும் தனியாக அபராதம் பிடித்துக்கொள்ளும்.